குடலையும் எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று கவிதை எழுத வாங்கியது. மூன்று ஆண்டுகளில் அதில் பதினோரு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. இன்னொன்று நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. அதில் நான்காவது நோட்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. தேதி, நேரம், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள், என்ன போனாள், எத்தனையாம் எண். எண் என்றால் பிரிஸ்டல் அளவுகோலின் எண். 1997இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து வெளியிட்ட பட்டியல் அது. ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் ஒன்று, வெறும் தண்ணீராகப் போனால் ஏழு. என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஆட்டிசமும் வலிப்பும் உண்டு. பேச்சு வராது. இந்த ஊரில் மலத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கவிஞர் வேறு யாரும் இருக்க முடியாது.

அவளுக்கு ஒன்பது வயதானபோது சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். நான்கு மாதம். நடத்தைப் பயிற்சி தருகிறவர், "கவனத்தை இழுக்கத்தான் செய்றா, கண்டுக்காதீங்க மேடம்" என்றார். கண்டுகொள்ளாமல் இருக்கிற தாய் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே அவளுக்குத் தண்ணீர் தண்ணீராகவும் போய்க்கொண்டிருந்தது. யாரோ சொல்லி, ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

மலத்தை ஒரு குப்பியில் வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்பினார்கள். வண்ண வண்ணப் படங்களோடு இருபது பக்க அறிக்கை வந்தது. "பாப்பாவோட பிரச்சினை மூளைல இல்லம்மா, வயித்துல. கெட்ட பாக்டீரியா ஜாஸ்தி" என்றார் அங்கிருந்தவர். பிறகு கேள்விகள். சிசேரியனா? தாய்ப்பால் எத்தனை மாசம்? கர்ப்பமா இருக்கும்போது ஆன்டிபயாடிக் எடுத்தீங்களா? வெளிச் சாப்பாடு சாப்பிட்டீங்களா? வேலைக்குப் போறீங்களா, அப்ப வீட்ல சமையல் யாரு? ஒவ்வொரு கேள்வியும் என்னைப் பார்த்து. பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: கார்டா சார், ஜிபேயா?

பாலும் கோதுமையும் சர்க்கரையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பொடி கொடுத்தார்கள். என் மகள் அதுவரை சாப்பிட்டதே ஐந்து பொருள்தான்: தயிர்சோறு, தோசை, அப்பளம், வாழைப்பழம், ஒரே ஒரு வகை பிஸ்கட். அதில் இரண்டைப் பிடுங்கினேன். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கினாள். முட்டுவது நிற்கவில்லை. "நீ சரியாப் பத்தியம் காக்கலயோ என்னவோ" என்றார் அத்தை. கொடுமைக்கார மாமியார் இல்லை அவர். தனக்குத் தெரிந்த ஒரே விளக்கத்தைச் சொன்னார். பிள்ளைக்கு ஒன்றென்றால் பெற்றவள் வாயில் எதுவோ தவறாகப் போயிருக்க வேண்டும். அவருடைய மாமியாரும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். ஓர் இளம் மருத்துவர், பெண், என் மகளைப் படுக்கவைத்து வயிற்றில் கையை வைத்தார். அந்த நான்கு மாதத்தில் அவள் வயிற்றில் கை வைத்த முதல் ஆள் அவர்தான். "ஸ்கூல்ல பாத்ரூம் போவாளாம்மா?" என்று கேட்டார். அதையும் அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. "கல்லு மாதிரி அடைச்சிருக்கு. தண்ணியாப் போறது பேதி இல்லம்மா, அடைச்சிருக்கறதைச் சுத்தி வழியறது. பிள்ளைக்கு வலிக்குது, சொல்லத் தெரியல, முட்டுறா" என்றார். எக்ஸ்ரே அதையே காட்டியது. மலத்தை இளக்குகிற மருந்து, நிறையத் தண்ணீர், சாப்பிட்டபின் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவைப்பது. தயிரைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது வாரத்தில் முட்டுவது குறைந்தது. இரண்டாவது மாதத்தில் சுவர்ப்பக்கமே போகவில்லை.

அதற்கப்புறமும் அவள் ஆட்டிசம் உள்ள பெண்தான். வலிப்பு மருந்தும் தொடர்கிறது. குடல் சரியானதால் மூளை மாறிவிடவில்லை. வலி போனது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தொடர்பு உண்டு. நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் ஒரு கணக்கு வந்தது. நம் சொந்த உயிரணுக்களே சுமார் 30 லட்சம் கோடிதானாம். வேகஸ் என்கிற நரம்பு மூளைத்தண்டிலிருந்து வயிறுவரை இறங்குகிறது. அதில் மேலே போகிற செய்திதான் அதிகம். உடம்பில் இருக்கிற செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் உண்டாகிறது. இந்தக் கடைசித் தகவலை ஒவ்வொரு பொடி விற்பவரும் சொல்கிறார். குடலில் உண்டாகும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

பரிசோதனைகள் பெரும்பாலும் சுண்டெலிகளில். கலிஃபோர்னியாவில் 2013இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. கருவுற்ற எலிகளின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிட்டு, பிறந்த குட்டிகளுக்கு ஒரு குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். சில நடத்தைகள் மாறின. அவற்றுள் ஒன்று, எலிக்குட்டி மரத்தூளுக்குள் கோலிக்குண்டுகளைப் புதைப்பது குறைந்தது. அறிவியலில் இதெல்லாம் தேவையான படிதான், கேலி செய்ய மாட்டேன். ஆனால் எலி கோலிக்குண்டு புதைப்பதை நிறுத்தியதற்கும் என் மகளின் தயிர்சோற்றைப் பிடுங்கியதற்கும் நடுவில் எத்தனை படிகள் விடுபட்டிருக்கின்றன? அந்த இடைவெளியை நிரப்பியது அறிவியல் அல்ல. தாயின் குற்றவுணர்வு நிரப்பியது. அதற்கு ஒரு சந்தை இருக்கிறது.

இந்தக் குற்றவுணர்வுக்கு வரலாறும் உண்டு. லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் பற்றிய தன் முதல் கட்டுரையை எழுதியபோதே பெற்றோரின் குளிர்ச்சியைக் குறித்துவைத்தார். 1949இல் அந்தப் பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வளர்வதுபோல வளர்ந்ததாக எழுதினார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். தாய் பிள்ளையை மனதால் விரும்பாததுதான் காரணம் என்றார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் அன்பின் வெப்பநிலையை அளந்துகொண்டு வாழ்ந்தார்கள். பெர்னார்டு ரிம்லாண்ட், தானே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தை, 1964இல் இதை எதிர்த்து எழுதினார். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கேனரே உங்களை விடுவிக்கிறேன் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. யாரோ சாட்டிய குற்றத்திலிருந்து சாட்டியவரே விடுதலை தருவது விசித்திரம்தான். ஆனாலும் விடுதலை விடுதலைதான் என்று அந்தத் தாய்மார்கள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள், நானாக இருந்தால் தட்டியிருப்பேன்.

இப்போது அந்தத் தீர்ப்பைச் சத்தமில்லாமல் திருப்பி எழுதுகிறார்கள். முன்பு நெஞ்சு, இப்போது வயிறு. உன் அன்பில் குறை என்றவர்கள் உன் பிறப்புறுப்பின் பாக்டீரியா பிள்ளைக்குக் கிடைக்கவில்லை, உன் பாலில் போதவில்லை, உன் சமையலில் நார்ச்சத்து இல்லை என்கிறார்கள். சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்துப் பிறந்த பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்று பல கணக்குகள் வந்தன. 2015இல் சுவீடனில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் தொடர்பு தெரிந்தது. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை சிசேரியனிலும் இன்னொன்று சுகப்பிரசவத்திலும் பிறந்திருந்தால் அந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். தொடர்பு மறைந்துபோனது. அந்த மையத்து நாற்காலியில் என்னைக் கேட்டவருக்கு இது தெரியாதா? கேட்காமல் விட்டிருந்தால் நான் பொடியை வாங்கியிருப்பேனா?

பாக்டீரியா ஆய்வுகளிலும் இதே கதைதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடலில் நுண்ணுயிர் வகைகள் வேறுபடுகின்றன என்று ஆய்வுமேல் ஆய்வு வந்தது. எது காரணம், எது விளைவு? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 247 குழந்தைகளை ஆராய்ந்து 2021இல் 'செல்' இதழில் வெளியிட்டார்கள். அம்பு எதிர்ப்பக்கம் பாய்கிறது என்றது அந்த ஆய்வு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சில சுவை, சில மணம், சில பதம் ஆகாது. ஆகவே குறைவான வகைகளையே சாப்பிடுகிறது. ஆகவே குடலில் நுண்ணுயிர் வகைகளும் குறைகின்றன. ஐந்து பொருள் மட்டும் சாப்பிடும் பிள்ளையின் தாய்க்கு இது புதுச் செய்தியா? அந்த ஐந்தில் இரண்டைப் பிடுங்கினால் அந்த வகைகள் இன்னும் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள்.

சந்தை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு செக்ரெட்டின் கதை ஒன்று போதும். குடல் சோதனைக்காக செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்ட மூன்று பிள்ளைகள் பேசவும் கண் பார்க்கவும் தொடங்கினார்கள் என்று 1998இல் அமெரிக்காவில் செய்தி பரவியது. ஊசிக்கு அலைமோதல். அடுத்த ஆண்டே 60 பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 சதவீதம் பேர் அந்த ஊசியில் எங்களுக்கு இன்னும் ஆர்வம் உண்டு என்றார்கள். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 69 சதவீதத்தில் நானும் இருந்திருப்பேன்.

அதே 1998இல்தான் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 பிள்ளைகளை வைத்து 'லான்செட்' இதழில் எழுதினார். தடுப்பூசியைப் பற்றிய பொய் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கட்டுரையின் மையம் குடல் என்பது மறந்துபோனது. குடல் அழற்சியும் ஆட்டிசமும் சேர்ந்த புதிய நோயைக் கண்டதாக அவர் சொன்னார். 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் போனது. இதில் இன்னொரு கேடும் நடந்தது. குடல், ஆட்டிசம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே நல்ல மருத்துவர்கள் விலகிப்போனார்கள். நிஜமாகவே வயிறு வலித்த பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். நடக்காத உடம்பு, விழுங்க முடியாத வாய், குடிக்காத தண்ணீர், மலச்சிக்கல் அவர்களோடு கூடப் பிறந்தது மாதிரி.

மூளையைச் சரிசெய்கிறேன் என்பவன் குடலை விற்கிறான். குடலைப் பார்க்க வேண்டியவர், அது மூளைக் கோளாறு பிள்ளையின் நடத்தை என்று கையை எடுத்துக்கொள்கிறார். வலி யார் கணக்கிலும் இல்லை.

சாப்பாட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. கீட்டோஜெனிக் உணவுமுறை உண்மையான மருத்துவம். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைல்டர் முன்வைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 பிள்ளைகளிடம் லண்டனில் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. இல்லாதவர்களில் 6 சதவீதம்தான். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், சுண்டெலிகளில் இந்தப் பலனுக்குக் குடல் பாக்டீரியாவும் காரணம் என்று காட்டினார்கள். நல்ல அறிவியல். ஆனால் அந்தச் சோற்றை யார் நிறுக்கிறார்கள்?

என் மகளின் பயிற்சி மையத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் மகனுக்கு இந்த உணவுமுறைதான். நாலு கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம். தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டை எல்லாம் தட்டான் கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுக்க வேண்டும். ஒரு துண்டு பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை நீட்டிவிட்டால் ஒரு நாள் உழைப்பு போச்சு. அக்கா நாலு மணிக்கு எழுகிறார். வேலையை விட்டுவிட்டார். மகனுக்கு வாரத்துக்கு இருபது வலிப்பு வந்தது, இப்போது மூன்று நான்கு. "டயட் நல்லா வேலை செய்யுது" என்கிறார்கள் எல்லோரும். அக்கா வேலை செய்கிறார் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்த நாலு மணி ஓர் அட்டவணையாக வந்ததில்லை.

நம் பக்கத்துப் பெருமையையும் சொல்லியாக வேண்டும். பழைய சோற்றில் இல்லாத பாக்டீரியாவா என்று மார்தட்டும் காணொளிகளை ஆண்கள்தான் எனக்கு அனுப்புகிறார்கள். பழைய சோறு நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதைச் சாப்பிட்டவர் ஆச்சி. சுடுசோறு எல்லோருக்கும் போட்டு முடிந்தபின் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வயல் வேலைக்குப் போகுமுன் குடித்துவிட்டுப் போவார். அப்போது அதை யாரும் அமுதம் என்று சொல்லவில்லை.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மணிமேகலை. அதில் வரும் காயசண்டிகையை அப்போது ஒரு கிளைக்கதை என்று மூன்று பக்கத்தில் முடித்துவிட்டேன். பொதியில் பக்கம் கணவனோடு வந்த விஞ்சையர் பெண் அவள். ஒரு முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை மிதித்துவிட்டாள். விளைவு யானைத்தீ, தீராத வயிற்றுப்பசி, பன்னிரண்டு ஆண்டு. வயிற்று நோய்க்குக் காரணம் பெண்ணின் கால். கணவன் காஞ்சனன் அவளைப் புகாரில் பிச்சையெடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஆண்டுக்கொருமுறை இந்திரவிழாவுக்கு வந்து பார்த்துப் போகிறான். மருத்துவமனைக்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து, "இன்னும் சரியாகலையா?" என்று கேட்கும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காஞ்சனன் நினைவு வருகிறது. மணிமேகலை என்ன செய்தாள்? காரணம் விசாரிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோற்றை அவள் கையில் வைத்தாள். பசி தீர்ந்தபிறகுதான் காயசண்டிகை தன் கதையைச் சொல்கிறாள். என் ஆய்வேட்டில் இந்த வரிசையைக் கவனிக்கவில்லை. அந்த இளம் மருத்துவரின் கை என் மகளின் வயிற்றில் பட்டபோதுதான் கவனித்தேன். என் ஆய்வேட்டை அந்த ஒரு இடத்திலாவது திருத்தி எழுத வேண்டும்.

அந்த மாதிரி மையங்களை யார் கேட்பது என்று சலித்துக்கொள்கிறோம். கேட்டால் நடக்கும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கறந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் விடாமல் கேட்டார்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அடுத்த வரிசையில் மலநுண்ணுயிர் மாற்று நிற்கிறது. அரிசோனாவில் 2017இல் 18 பிள்ளைகளுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லாமல் செய்த தொடக்கநிலை ஆய்வைச் சிகிச்சை என்று பேசுகிறார்கள். இன்னொருவரின் மலத்தைப் பிள்ளையின் குடலுக்குள் செலுத்துவது விளையாட்டல்ல. 2019இல் வேறு நோய்க்காக இப்படிச் செலுத்தியதில் மருந்துக்கு அடங்காத கிருமி பரவி ஒருவர் இறந்ததாக அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது. வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. வீட்டில் என்றால் யார் கையால் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியவை சின்னவை. பேச்சு வராத பிள்ளை திடீரென்று தன்னைத்தானே அடித்தால், நடத்தை என்று எழுதுமுன் பல், காது, வயிறு மூன்றையும் பாருங்கள். வலிப்புப் பிரிவு இருக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் உணவியல் நிபுணர் ஒருவரை வையுங்கள், தராசோடு. கேள்விகளைப் பக்கத்து நாற்காலியிலும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பள்ளிக் கட்டடமும் வசதிகளும் இந்தப் பிள்ளைகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. என் மகளின் பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாய் சொட்டும் சத்தம் அவளுக்குக் காதில் ஊசி. பினாயில் நெடி. காலை எட்டிலிருந்து மாலை நாலுவரை அடக்கிவைத்துக்கொண்டு வந்தாள், நாள்தோறும், ஒன்றரை ஆண்டு. இருபது பக்க வண்ண அறிக்கையில் எந்தப் பாக்டீரியாவின் பெயரும் இந்தத் தாழ்ப்பாளைச் சொல்லவில்லை.

தலைமையாசிரியரிடம் மூன்று முறை போனேன். நான்காவது முறை கணவரைப் போகச் சொன்னேன். அவர் போன வாரத்திலேயே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நோட்டு திங்கள், புதன், வெள்ளியில் இப்போது அவர் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் வேறுபாடு பிடிபட அவருக்கு ஒரு வாரம் ஆனது. நேற்றைய வரி அவருடையது: மதியம் 1.20, பள்ளியில், எண் 4, தானாகப் போனாள். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.